சித்தப்பா தலையை வெட்டாதீங்க!

ஒரு சின்ன டெஸ்ட், பாஸ்! உங்க ஊர்ல கல்யாண போட்டோ எடுக்கிற ஏதாவது ஒரு ஸ்டூடியோவோட வெப்சைட்டை உங்க மொபைல்ல திறந்து பாருங்க. திறந்தாச்சா? இன்னும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கா? சரி, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. வந்து பார்த்தா திரையில மாப்பிள்ளையோட பாதி மாலை இருக்கும், பொண்ணோட ஒரு கை இருக்கும். மீதி ரெண்டு பேரும் ஆப்சென்ட்! மெனு எங்கேன்னு தேடினா எறும்பு சைஸ்ல மூணு கோடு. அதைத் தொடப் போனா பக்கத்துல இருக்கிற 'எங்களை அழைக்க' பட்டன் அமுங்கி, முன்பின் தெரியாத ஒருத்தருக்கு ரிங் போகும்.

சிரிச்சிடாதீங்க. எங்க வீட்டுல இது சோத்துப் பிரச்னை!

ஊர் காரைக்குடி. அப்பா போட்டோகிராபர். முப்பது வருஷத்துக்கும் மேல ஒரே கடை, ஒரே போர்டு, ஒரே நீல நிற ஸ்க்ரீன். நான் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாம் வருஷம். க்ளாஸ்ல கடைசி பெஞ்ச், கடையில முதல் பெஞ்ச். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வர்றவங்களுக்கு சீப்பு எடுத்துக் கொடுக்கிறதுல ஆரம்பிச்சு, ஆல்பம் டிசைன் வரைக்கும் எனக்கு அத்துப்படி.

அப்பா 2008-லயே கடைக்கு வெப்சைட் போட்ட ஆளு. சும்மா இல்லை, ஃப்ளாஷ்ல! அந்தக் காலத்துல போட்டோகிராபர் வெப்சைட்னாலே ஃப்ளாஷ்தான். திறந்த உடனே நாதஸ்வரம் ஒலிக்கும். மேலே இருந்து ரோஜா இதழ் கொட்டும். ரெண்டு கதவு திறக்கும். அப்புறம்தான் போட்டோ வரும். தெருவுல இருந்தவங்க எல்லாம் கடைக்கு வந்து கம்ப்யூட்டர்ல பார்த்துட்டுப் போனாங்களாம். அந்த முகவரியை போர்டுல எழுதி, பில் புக்ல அடிச்சு, ஒவ்வொரு ஆல்பத்தோட கடைசிப் பக்கத்துலயும் போட்டு வெச்சார்.

ஃப்ளாஷுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஐபோன் 2007-ல வந்த நாள்லேர்ந்தே அதை வீட்டுக்குள்ள சேர்க்கலை. 2010 ஏப்ரல்ல ஸ்டீவ் ஜாப்ஸ், 'ஏன் சேர்க்க மாட்டோம்'னு ஊரறிய ஒரு கடிதமே எழுதினார். பாட்டரியைத் தின்னுது, பாதுகாப்பு கிடையாது, விரலால தொடறதுக்காகச் செஞ்சது இல்லைன்னு பல காரணம். அப்போ அடோபி கம்பெனிக்கு செம கோபம். ஆனா அவங்களே மொபைல் ஃப்ளாஷை 2011-ல நிறுத்திட்டாங்க. 2020 டிசம்பர் 31-ம் தேதியோட மொத்தத்துக்கும் பால் ஊத்தியாச்சு. 2021 ஜனவரி 12-லேர்ந்து ஃப்ளாஷ் ப்ளேயரே தன்னைத் தானே பூட்டிக்கிட்டது.

அந்த நாள்லேர்ந்து எங்க வெப்சைட், நாதஸ்வரம் இல்லாத ஒரு சாம்பல் கலர் கட்டம். இதுல கொடுமை என்னன்னா, இதை யாரும் அப்பாகிட்ட சொல்லலை. தான் எடுத்த போட்டோவை நெட்ல போய்ப் பார்க்கணும்னு அவருக்கு என்ன தலையெழுத்து? அவரும் பார்க்கலை. வருஷக்கணக்கா அந்தக் கட்டம் போர்டுல இருக்கிற முகவரியில உட்கார்ந்து, வர்றவங்களை எல்லாம் திருப்பி அனுப்பிக்கிட்டு இருந்திருக்கு.

போன தை மாசம் ஒருத்தர் வந்தார். பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கிறவர். "உங்களைத்தான் முதல்ல நெட்ல பார்த்தோம், ஒண்ணுமே வரலை. கடையை எடுத்துட்டீங்கன்னு நினைச்சு வேற ஆளுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு"ன்னார். அவர் வந்தது எதுக்குத் தெரியுமா? பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி.

அப்பா எட்டு காப்பியையும் வெட்டி, கவர்ல போட்டு, சிரிச்ச முகமா கொடுத்து அனுப்பினார். ராத்திரி சாப்பிடும்போது அம்மாகிட்ட மட்டும் சொன்னார்: "மொபைல் கவர் விக்கிற பையன் கடையை வாடகைக்குக் கேக்குறான். ஆடி வரைக்கும் பார்ப்போம். அப்புறம் விட்டுரலாம்."

போட்டோவை மொபைல்ல பார்க்க முடியாததால ஒரு போட்டோ கடை, மொபைல் கவர் கடையா மாறப் போகுது! எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. ஆடிக்கு அஞ்சு மாசம்தான் இருந்தது.

அடுத்த நாள் ஹாஸ்டல் தோழிகள்கிட்ட சொன்னேன். "அட, ரெடிமேட் டெம்ப்ளேட் இருக்குடி, ஒரு மணி நேர வேலை"ன்னாங்க. நிஜம்தான். அழகழகா கிடைக்குது. ஒண்ணை இறக்கி, அப்பாவோட போட்டோக்களை ஏத்தி, அவர் மொபைல்லயே திறந்து நீட்டினேன். வரிசையா சதுரம் சதுரமா சும்மா ஜம்முனு இருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒரு நிமிஷம் பார்த்தார்.

"சித்தப்பா எங்கே?"

"எந்த சித்தப்பா?"

"இந்த குரூப் போட்டோவுல இடது ஓரத்துல நிக்கிற பொண்ணோட சித்தப்பா. வலது ஓரத்துல ஒரு அத்தை. ரெண்டு பேரையும் காணோமே! இதைப் பார்த்தா அந்த வீட்டுல சண்டை வரும் பாப்பா."

மேட்டர் இதுதான். கேமராவுல எடுக்கிற படம் பெரும்பாலும் 3-க்கு 2 அளவு. டெம்ப்ளேட்டுக்கு எல்லாம் சதுரமா இருந்தாத்தான் அழகு. அதனால படத்தோட நடுப்பகுதியை மட்டும் வெச்சுக்கிட்டு ரெண்டு ஓரத்தையும் வெட்டிடும். சி.எஸ்.எஸ்.ல 'ஆப்ஜெக்ட் ஃபிட் கவர்'னு ஒரே ஒரு வரி. இயற்கைக் காட்சின்னா பரவாயில்லை, ரெண்டு மரம் போகும். கல்யாண குரூப் போட்டோவுல ஓரத்துல நிக்கிறவங்க யாரு? கடைசியா மேடை ஏறினவங்க, கூச்சப்பட்டவங்க, 'வாங்க வாங்க'ன்னு கையைப் பிடிச்சு இழுத்து நிக்க வெச்சவங்க. ஏற்கெனவே மரியாதை விஷயத்துல கணக்குப் பார்க்கிறவங்க! அவங்க தலையைத்தான் கம்ப்யூட்டர் முதல்ல வெட்டுது.

அப்பாவுக்கு இது புதுசே இல்லை. பிலிம் காலத்துல நெகட்டிவ் 36-க்கு 24 மில்லி மீட்டர். அதுவும் அதே 3-க்கு 2தான். முழுசா பிரிண்ட் போட்டா 12-க்கு 8 இன்ச். ஆனா பிரேம் கடைகள்ல நிறைய பேர் 10-க்கு 8 பிரேமை வாங்கிட்டு வந்து நிப்பாங்களாம். ரெண்டு இன்ச் போயாகணும். "இடது பக்கம் ரெண்டு இன்ச்சா, வலது பக்கம் ரெண்டு இன்ச்சா, இல்லை ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணான்னு என்லார்ஜர் முன்னாடி நின்னு யோசிப்பேன். யாரை வெட்டறதுன்னு மெஷின்கிட்ட கேக்கக் கூடாது"ன்னார்.

எங்க சிலபஸ்ல இப்படி ஒரு வரி கிடையாது. டெம்ப்ளேட்டை அன்னிக்கே தூக்கிட்டு, நாமளே எழுதிடலாம்னு உட்கார்ந்தேன்.

இந்த இடத்துல ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். ஐபோன் வந்தப்போ உலகத்துல இருந்த வெப்சைட் எல்லாம் கம்ப்யூட்டருக்காகச் செஞ்சது. அதனால அந்த போன் ஒரு தந்திரம் பண்ணுச்சு. 'எனக்கு 980 பிக்ஸல் அகலம் இருக்கு'ன்னு ஒரு பொய்யைச் சொல்லி, மொத்தப் பக்கத்தையும் வரைஞ்சு, அதைச் சுருக்கிக் காட்டுச்சு. எழுத்தெல்லாம் கடுகு! அந்தப் பொய்யை நிறுத்துறதுக்காக ஆப்பிளே கொண்டு வந்ததுதான் 'வியூபோர்ட்'ங்கிற குறிச்சொல். 'உன் நிஜமான அகலத்தைச் சொல்லு'ன்னு போனுக்குப் போடுற உத்தரவு. இன்னிக்கும் அந்த ஒரு வரி இல்லைன்னா நீங்க எழுதின மீதி எல்லாம் வேஸ்ட்.

அப்புறம் 2010 மே மாசம் ஈதன் மார்காட்னு ஒரு அமெரிக்க டிசைனர் 'எ லிஸ்ட் அபார்ட்'ங்கிற இணைய இதழ்ல ஒரு கட்டுரை எழுதினார். கம்ப்யூட்டருக்கு ஒரு சைட், போனுக்கு ஒரு சைட்னு தனித்தனியா செய்யாதீங்க. ஒரே பக்கம், பாத்திரத்துக்கு ஏத்த தண்ணி மாதிரி தன்னை மாத்திக்கட்டும்னார். நீளுற கட்டம், சுருங்குற படம், திரையோட அகலத்தைக் கேட்டு நடந்துக்கிற 'மீடியா க்வெரி' - இந்த மூணுதான் அவர் சொன்னது. 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்'னு அவர் வெச்ச பேர்தான் இன்னிக்கு நம்ம பாடப் புத்தகம் வரைக்கும் வந்திருக்கு.

செய்தி வெப்சைட்டுக்கு அது போதும். எழுத்து எங்கே மடங்கினாலும் எழுத்துதான். போட்டோ அப்படி மடங்காதே! 'படம் திரையை விட அகலமா இருக்கக் கூடாது'ன்னு ஒரு வரி எழுதினா படம் சின்னதாத் தெரியும், அவ்வளவுதான். சின்னதாத் தெரியறது வேற, சின்னதா இருக்கிறது வேற. அண்டாவுல சாதத்தைக் கொண்டு வந்து ஒரு ஸ்பூன் பரிமாறிட்டு, அண்டாவை இலை பக்கத்துலயே வெச்சுட்டுப் போற கதை.

கணக்கு சொல்றேன், கேளுங்க. அப்பாவோட கேமரா 24 மெகா பிக்ஸல். ஒரு படம் 6000-க்கு 4000. ஜேபெக்கா சேமிச்சா சுமாரா 8 எம்.பி. அப்படி 20 படம் ஒரு பக்கத்துல போட்டா 160 எம்.பி. டவுன்லோடு! இதோட முடியலை. ஜேபெக் சுருக்கி வெச்ச ஃபைல். திரையில காட்ட போன் அதை விரிச்சாகணும். ஒரு பிக்ஸலுக்கு 4 பைட் வீதம், ஒரே ஒரு படத்துக்கு 96 எம்.பி. மெமரி. இருபது படத்துக்கு ரெண்டு ஜி.பி. கிட்ட வரும். எங்க அம்மா போன்ல இருக்கிற மொத்த ரேமே ரெண்டு ஜி.பி.தான்! போன் தன்னால முடிஞ்ச வரைக்கும் பார்த்துட்டு, கடைசியில பக்கத்தையே மூடிடும்.

சரி, போனுக்கு நிஜமா எவ்வளவு வேணும்? நம்ம போன்கள்ல அகலம் சுமாரா 360 பிக்ஸல்னு பிரவுசர் சொல்லும். ஆனா கண்ணாடிக்குப் பின்னாடி அந்த ஒவ்வொரு பிக்ஸலுக்கும் மூணு நிஜ பிக்ஸல் இருக்கும். 360 இன்ட்டு 3, அதாவது 1080. அப்போ 1080-க்கு 720 படம் போதும். 24 மில்லியன் பிக்ஸலுக்குப் பதிலா எட்டு லட்சத்துக்கும் கம்மி. முப்பதுல ஒரு பங்கு! ஃபைல் 200 கே.பி. பக்கம் வந்து நிக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நான் சொல்லலை, அப்பா லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டு சொன்னார்.

ஆனா அதே 1080 படத்தைப் பெரிய மானிட்டர்ல போட்டா மங்கலா அடிக்கும். அப்போ ஒரே படத்துக்குப் பல சைஸ் செஞ்சு வெச்சு, யாருக்கு எது வேணுமோ அதைக் கொடுக்கணும். இதுக்கு ஹெச்.டி.எம்.எல்.ல வழியே இல்லாம பல வருஷம் ஓடுச்சு. 'சோர்ஸ் செட்', 'பிக்சர்'னு ரெண்டு வசதி வேணும்னு பிரவுசர் கம்பெனிகளோட வெளியாட்கள் மல்லுக்கட்டினாங்க. யோவ் வைஸ்னு ஒரு டெவலப்பர், 2014-ல இணையத்துல சக டெவலப்பர்கள்கிட்ட பணம் திரட்டி, தன் வேலை நேரத்தை ஒதுக்கி, குரோம் பிரவுசருக்குள்ள அதை எழுதிக் கொடுத்தார். அந்த வருஷ அக்டோபர்ல குரோம் 38-ல 'பிக்சர்' வந்துச்சு. பெரிய கம்பெனி பிரவுசர்ல ஒரு வசதி வர்றதுக்கு ஊர் மொய் எழுதியிருக்கு. செம மேட்டர் இல்லை?

அப்பாவுக்கு 'சோர்ஸ் செட்'டை எப்படிப் புரிய வைக்கிறதுன்னு நான் பயந்துக்கிட்டே ஆரம்பிச்சேன். "அப்பா, ஒரே படத்தை 480, 800, 1080, 1600, 2048-னு அஞ்சு அகலத்துல செஞ்சு வெச்சிடறோம். யார் வர்றாங்களோ, அவங்க திரையைப் பார்த்து பிரவுசரே..."

"நெகட்டிவ் ஒண்ணு. பாஸ்போர்ட்டா, போஸ்ட் கார்டா, 12-க்கு 8ஆன்னு பிரேமைப் பார்த்து பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறது. அதானே? முப்பது வருஷமா இதைத்தானே பண்றேன், இதுக்குப் போய் காலேஜா?"

ஓகே பாஸ். க்ளாஸ் முடிஞ்சது!

'பிக்சர்' இன்னும் ஒரு படி மேலே. அதுல சைஸை மட்டும் இல்லை, படத்தையே மாத்தலாம். அகலமான திரையில குரூப் போட்டோ, போனை நிமிர்த்திப் பிடிச்சா வேற போட்டோ. 800 பிக்ஸல் உயரம் இருக்கிற போன்ல, படுக்கை வசமா எடுத்த படம் வெறும் 240 உயரம்தான் பிடிக்கும். மீதி எல்லாம் காலி. அதுக்குள்ள இருபது பேர் நின்னா ஒவ்வொரு முகமும் மிளகு சைஸ். அதையே உயரமா எடுத்த படம்னா 540 வரைக்கும் நிமிர்ந்து நிக்கும்.

அப்பா யோசிச்சார். பழைய ஹார்ட் டிஸ்க்கை எல்லாம் தேடினா, உயரமா எடுத்த படம் பத்துக்கு ஒண்ணுகூடத் தேறலை. ஆல்பம் தாள் படுக்கையா நீளமா இருக்கும், அதுக்கு ஏத்த மாதிரி எடுத்தே கை பழகியாச்சு. அடுத்து வந்த வைகாசி முகூர்த்தத்துக்கு நானும் உதவிக்குப் போயிருந்தேன். மாங்கல்யம் கட்டி முடிச்சு, சொந்தக்காரங்க சிரிச்சு நிக்க, வழக்கமான குரூப்பை எடுத்தார். எடுத்துட்டு, "யாரும் கலையாதீங்க"ன்னு கேமராவை நிமிர்த்தி, ஜோடியை மட்டும் ஒண்ணு எடுத்தார். என்னைப் பார்த்து, "இது உன் போனுக்கு"ன்னார். ஐம்பத்தெட்டு வயசு ஆளு பாஸ் அவரு!

அப்போ ஓரத்துல நிக்கிற சித்தப்பா? அவருக்கும் வழி பண்ணியாச்சு. குரூப் போட்டோவை எந்தத் திரையிலயும் வெட்டறதே இல்லைன்னு முடிவு. போன்ல முழுப் படமும் சின்னதா வரும், தொட்டா பெரிசாகும், ரெண்டு விரலால இழுத்து எவ்வளவு வேணா பெரிசு பண்ணலாம். நிறைய சைட்ல இந்த இழுக்கிற வசதியை 'டிசைன் கெடும்'னு பூட்டி வெச்சிருப்பாங்க. எங்க அப்பத்தாகிட்ட அப்படி ஒரு சைட்டைக் காட்டினேன். ரெண்டு விரலை வெச்சு இழுத்தாங்க, அசையலை. "போன் ரிப்பேரா தாயி?"ன்னாங்க. ஒரு கல்யாண போட்டோவை வயசானவங்க எதுக்குப் பெரிசு பண்றாங்கன்னு நினைக்கிறீங்க? முதல்ல நகை, அப்புறம் புடவை, அதுக்கப்புறம்தான் முகம்! அதைப் பூட்டி வெச்சுட்டு என்ன டிசைன் வேண்டிக் கிடக்கு?

டெஸ்டிங்குக்கு லேப்டாப்லயே போன் மாதிரி காட்டுற வசதி குரோம்ல இருக்கு. நல்லதுதான், அளவு சரியா இருக்கான்னு பார்க்கலாம். ஆனா அதுல வெயில் கிடையாது, விரல் கிடையாது, கீறல் விழுந்த கண்ணாடி கிடையாது. நான் எதிர்த்த டெய்லர் அண்ணன் போன், டீக்கடை மாஸ்டர் போன், அம்மா போன்னு தெருவையே லேப் ஆக்கிட்டேன். மாஸ்டரோட கட்டைவிரல் பலகாரம் போட்டுப் போட்டுக் காய்ச்சுப் போனது. ஆப்பிள் தன் டெவலப்பர்களுக்கு 'தொடுற பட்டன் குறைஞ்சது 44 பாயின்ட்'னு சொல்லுது. கூகுள் 48-ங்குது, அதாவது சுமாரா 9 மில்லி மீட்டர். மாஸ்டர் விரலைப் பார்த்ததும் 48 போட்டுட்டு, பட்டனுக்குப் பட்டன் இடைவெளியும் விட்டேன். 'அடுத்த படம்' பட்டனை மேல் மூலையிலேர்ந்து கீழே கொண்டு வந்தாச்சு. ஒரு கையில டீ கிளாஸ், ஒரு கையில போன்... மேல் மூலைக்கு விரல் எப்படிப் போகும்?

பழைய சைட்கள்ல மவுஸைப் படத்து மேல கொண்டு போனா பேர் தெரியும், தேதி தெரியும். போன்ல மவுஸ் ஏது? விரல் ஒண்ணு தொடும், இல்லை தொடாது. 'மேலே மிதக்கிறது'ன்னு ஒண்ணு கிடையாது. ஸோ, சொல்ல வேண்டியதைப் படத்துக்குக் கீழேயே எழுதிட வேண்டியதுதான்.

டெய்லர் அண்ணன் போன்ல ஒரு கூத்து. பக்கம் திறக்கும், எழுத்து வரும், படிக்க ஆரம்பிச்சா படம் வந்து எழுத்தைக் கீழே தள்ளும், தொடப் போன இடத்துல வேற எதுவோ இருக்கும். ரெடிமேட் டெம்ப்ளேட்கள்ல சர்வ சாதாரணமா நடக்கிற விஷயம் இது. மருந்து ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு படத்துக்கும் அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவுன்னு முன்னாடியே எழுதிடணும். பந்தியில ஆள் வர்றதுக்கு முன்னாடி இலை போட்டு இடம் பிடிச்சு வைக்கிறோமே, அதே டெக்னிக்! பிரவுசரும் இலையைப் போட்டுட்டுக் காத்திருக்கும்.

கீழே இருக்கிற படங்களை, விரல் அங்கே நெருங்கும்போது இறக்கினாப் போதும். 'லேஸி லோடிங்'. முன்னெல்லாம் இதுக்குத் தனியா ஸ்கிரிப்ட் எழுதணும். குரோம்ல 2019-லேர்ந்து ஒரே வார்த்தைதான். ஆனா திரையில முதல்ல தெரியற படத்துக்கு அந்த வார்த்தையைப் போடக் கூடாது. வாசல்ல நிக்கிற விருந்தாளியை 'அப்புறம் வாங்க'ன்னு சொல்றது மாதிரி ஆகிடும். பக்கத்தோட பெரிய படம் இரண்டரை செகண்டுக்குள்ள தெரியணும்னு கூகுள் ஒரு அளவுகோல் வெச்சிருக்கு. அம்மா போன்ல, கல்யாண மண்டபத்தோட பேஸ்மென்ட் டைனிங் ஹால்ல, ஒத்தைக் கோடு சிக்னல்ல நின்னு நான் கடிகாரம் பார்த்தேன். ஜேபெக்குக்குப் பதிலா வெப்பி ஃபார்மேட் போட்டதும் இன்னும் கொஞ்சம் இறங்குச்சு. கூகுள் கணக்குப்படி அது ஜேபெக்கை விட 25-லேர்ந்து 34 சதவிகிதம் சின்னது.

அப்பாவுக்கு செகண்டு கணக்கு எல்லாம் ரெண்டாம் பட்சம். அவர் சண்டை போட்டது கலருக்காக. ஒரு கூரைப்புடவை அரக்கு கலர். டெய்லர் அண்ணன் போன்ல அது செங்கல் மாதிரி வெளிறித் தெரிஞ்சது. அம்மா போன்ல மெரூன். என் போன்ல தக்காளி! "பொண்ணோட அம்மா பத்துக் கடை ஏறி எடுத்த புடவை இது. இதை யாரும் தக்காளின்னு சொல்லக் கூடாது"ன்னார். இதுல பாதிக்கு மருந்து உண்டு. கேமராவுல 'அடோபி ஆர்.ஜி.பி.'ன்னு விரிவான கலர் செட்டிங் இருந்து, அந்த விவரம் ஃபைல்லேர்ந்து உதிர்ந்து போயிட்டா, பிரவுசர் அதை சாதாரணக் கலர்னு நினைச்சு வெளுத்துக் காட்டும். வெப்புக்குப் போற எல்லாப் படத்தையும் 'எஸ்.ஆர்.ஜி.பி.'க்கு மாத்தினதும் செங்கல் அரக்காச்சு. மீதிப் பாதிக்கு மருந்து கிடையாது. என் போன் திரை கலரை ஏத்திக் காட்டுறதுக்குன்னே செட் பண்ணினது. ஊர்ல இருக்கிற எல்லா போனோட செட்டிங்கையும் போய் மாத்த முடியுமா? அப்பாவுக்கு இன்னும் அதுல வருத்தம்தான். எனக்கும்தான்.

டேப்லட் கதை வேற. போனைத் தனியா பார்ப்பாங்க, டேப்லட்டைக் குடும்பமா பார்ப்பாங்க. எங்க கடையில ஆல்பத்துக்குப் படம் செலக்ட் பண்ண ஒரு பழைய ஐபேட் வெச்சிருக்கோம். மேஜை நடுவுல அதை வெச்சா, அஞ்சு தலை குனியும். அதோட திரை 4-க்கு 3. படம் 3-க்கு 2. படுக்க வெச்சா மேலேயும் கீழேயும் ஒல்லியா ரெண்டு பட்டை மிச்சம் வரும், அவ்வளவுதான். கிட்டத்தட்ட ஒரு பிரிண்ட்டைக் கையில வெச்சிருக்கிற மாதிரியே இருக்கும். நிறைய பேர் டேப்லட்டைப் 'பெரிய போன்'னு நினைச்சு, போனுக்குச் செஞ்சதையே ஊதிப் பெரிசாக்கிக் காட்டுறாங்க. என்னைக் கேட்டா, போட்டோ பார்க்கிறதுக்கு உலகத்துலயே நல்ல திரை அதுதான். அதனால எங்க சைட்ல டேப்லட்ல மட்டும் எழுத்தே இருக்காது. ஒரு நேரத்துக்கு ஒரு படம், ரெண்டு ஓரத்துலயும் கட்டைவிரல் இருக்கிற இடத்துல அம்புக்குறி. போட்டோதான் ஹீரோ.

நடுவுல அப்பாவுக்கு ஒரு திடீர் பயம். "நல்ல படமா போட்டா எவனாவது சுட்டுட்டுப் போயிருவானே? ரைட் க்ளிக் லாக் பண்ணு." போன்ல ரைட் க்ளிக்கே கிடையாது, லாங் ப்ரெஸ்ஸைப் பூட்டினா ஸ்க்ரீன் ஷாட் எடுப்பான். அதனால கால்குலேட்டரை எடுத்தேன். நல்ல பிரிண்டுக்கு இன்ச்சுக்கு 300 புள்ளி வேணும். 12-க்கு 8 போட 3600-க்கு 2400 பிக்ஸல். போனுக்குப் போற 1080-க்கு 720 படத்தை அதே தரத்துல பிரிண்ட் போட்டா 3.6-க்கு 2.4 இன்ச். அப்பா விரலால காத்துல அளந்து பார்த்தார். "சட்டைப் பையில வைக்கிற சைஸு... வெச்சுக்கட்டும் போ!"

அனுமதி விஷயத்துல மட்டும் அவர் ஒரு இன்ச்கூட இறங்கி வரலை. எந்தப் பொண்ணோட படமும், அந்த வீட்டுக்கு போன் பண்ணி, 'போடலாமா'ன்னு கேட்டு, அவங்க சரின்னு சொன்ன பிறகுதான் சைட்ல ஏறும். முப்பது வருஷக் கல்யாணங்கள்ல தேர்ந்தெடுத்த 140 படங்கள். ராத்திரி ராத்திரியா நோட்டுப் புத்தகத்தை வெச்சுக்கிட்டு அப்பா போன் பண்ணினார். பாதி நம்பர் மாறிப் போச்சு. சிலர் வேண்டாம்னாங்க, எடுத்துட்டோம். கிடைச்சவங்க சிலர், "பொண்ணுக்கு இப்போ பொண்ணு பிறந்து ஸ்கூல் போகுது"ன்னு ஆரம்பிச்சு அரை மணி நேரம் பேசினாங்க. கடைசியில 61 படம் தேறுச்சு. அவ்வளவு போதும்.

ஆனி மாசக் கடைசியில சைட் மேலே ஏறுச்சு. நாதஸ்வரம் இல்லை, ரோஜா இதழ் இல்லை, கதவும் இல்லை. போர்டுல இருக்கிற அதே முகவரி. ஆவணி முகூர்த்தத்துக்கு ரெண்டு ஆர்டர் வந்துச்சு. அதுல ஒண்ணு சிங்கப்பூர் மாப்பிள்ளை. ரயில்ல போகும்போது போன்ல பார்த்தேன்னு சொன்னார். இன்னொண்ணு பக்கத்துத் தெரு. அவங்க சைட்டைப் பார்க்கவே இல்லையாம், சும்மா வந்தவங்க! ரெண்டு ஆர்டர்ல ஒரு கடை நிக்காதுன்னு எங்களுக்குத் தெரியும். ஆனாலும் மொபைல் கவர் பையன் ஆடி முடிஞ்சு வந்தப்போ, "தை வரைக்கும் பொறு தம்பி"ன்னு சொல்லி அனுப்பிட்டார் அப்பா. அவன் போகும்போது அவன் போனையும் வாங்கி, சைட் எப்படித் தெரியுதுன்னு நான் செக் பண்ணிட்டுத்தான் விட்டேன்.

இப்போ வீட்டுல நடக்கிறது வேற சண்டை. பிலிம் காலத்துல அப்பா யாஷிகா கேமராவுல எடுத்த சதுர நெகட்டிவ் அஞ்சாறு டப்பா பரண்ல இருந்து இறங்கியிருக்கு. கறுப்பு வெள்ளை. ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர். போன்ல முழு அகலத்துக்கு, எதையும் வெட்டாம, அப்படியே கச்சிதமா உட்காருது! அதுல ஒரு படத்தை சைட்டோட முதல் படமா வைக்கணும்னு நான் சொல்றேன். முதல் படம் கலர்லதான் இருக்கணும், கல்யாண வீட்டுக்காரங்க கறுப்பு வெள்ளையைப் பார்த்தா பின்வாங்குவாங்கன்னு அப்பா சொல்றார். அம்மா யார் பக்கமும் இல்லை. அந்தப் படத்துல இருக்கிறது அவங்கதான். அனுமதி கேட்டு அப்பா இன்னும் போன் பண்ணலையாம்.